கைதிக்கு என்ன உரிமை?

சென்னையில் பேஸின் பிரிட்ஜை அடுத்து மூலக்கொத்தளம் என்று ஒரு பேட்டை இருக்கிறது. கொத்தளம் என்றால் கோட்டை மதிலில் காவலுக்காகக் கட்டிய அரண். ஒரு காலத்தில் பழைய பட்டணத்தைச் சுற்றி மதில் இருந்தது. அந்த மதிலுக்காக ஜனங்களிடம் வரி வாங்க நினைத்த கதையை நினைவூட்டிக்கொண்டு வால்டாக்ஸ் ரோடு இன்றும் பக்கத்திலேயே கிடக்கிறது. மதில் பெரும்பாலும் போய்விட்டது. பெயர்கள் நிற்கின்றன.

இன்று மூலக்கொத்தளம் என்றால் சென்னைவாசிகளுக்கு ஞாபகம் வருவது மயானம்தான். ராயபுரத்து மீனவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் உழைத்தவர் என்று வட சென்னையின் எத்தனையோ பேர் அங்கே துயில்கிறார்கள். அவர்களிடையே இரண்டு பேருக்கு வருஷந்தோறும் ஜனவரி 25-ம் தேதி மாலை மரியாதை நடக்கிறது. கட்சிக் கொடிகளும் கார்களும் வந்து நிற்கின்றன. அந்த இருவர் நடராசன், தாளமுத்து. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முதன்முதல் உயிர் நீத்தவர்கள்.

மொழிக்காக அவர்கள் செய்த தியாகத்தைப் பற்றி மேடைகளில் நிறையக் கேட்டிருப்பீர்கள். அதே சமாதிகளைச் சற்று வேறு விதமாகவும் பார்க்கலாம். இருவரும் இறந்தபோது கைதிகளாக இருந்தார்கள். சர்க்காரின் பூட்டுக்குள், சர்க்காரின் பொறுப்பில் இருந்தவர்கள். "கைதிக்கு என்னய்யா உரிமை?" என்று இன்று பஸ்ஸிலும் டீக்கடையிலும் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் புறப்படுகிறவர் மூலக்கொத்தளத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

கடன் வாங்கிய கத்தி

1938 ஏப்ரலில் சென்னை மாகாணத்தில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கி உத்தரவு பிறந்தது. முதல் மந்திரி ராஜாஜி. எதிர்த்தவர்கள் பள்ளிக்கூட வாசல்களில் மறியல் செய்தார்கள். சௌகார்பேட்டை இந்து தியாலஜிகல் பள்ளி வாசல் அதற்கு ஒரு முக்கியமான களம். நடராசன் சென்னை இளைஞர், ஆதி திராவிடர் குடும்பத்தில் பிறந்தவர். 1938 டிசம்பர் 5-ம் தேதி கைதானார். டிசம்பர் 30-ம் தேதி நோயாளியாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். 1939 ஜனவரி 15-ம் தேதி இறந்தார். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் இயக்கத்தார் இன்றும் சொல்கிறார்கள்.

தாளமுத்து கும்பகோணத்துக்காரர். 1939 பிப்ரவரி 13-ம் தேதி அதே பள்ளி வாசலில் கைதாகி ஆறு மாதக் கடுங்காவல் பெற்றார். மார்ச் மாதம் பாதி தாண்டுவதற்குள் அவரும் பிணமாகத்தான் வெளியே வந்தார். ரத்தபேதியும் தோலுக்கடியில் சீழ் வைத்த நோயும்தான் காரணம் என்று சர்க்கார் சொல்லிற்று. சட்டசபையில் கேள்வி எழுந்தது, பதிலும் வந்தது, விஷயம் அத்துடன் முடிந்தது.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களை யாரோ அடித்துக் கொன்றார்கள் என்று நாம் இங்கே சொல்ல வரவில்லை. நோயாகவே இருக்கட்டும். நோயாளிக்குச் சரியான நேரத்தில் சிகிச்சை நடந்ததா? கேள்வி கேட்டவர் சட்டசபை அங்கத்தினர். பதில் சொன்னவரோ சிறைக்கும் போலீஸுக்கும் எஜமானரான சர்க்கார். சாவி யார் கையில் இருந்ததோ, கதையும் அவர் வாயிலிருந்தே வந்தது. சந்தேகம் தீராத பெற்றவர்களுக்கு, சர்க்காருக்கு வெளியே போய்ச் சொல்லிக்கொள்ளத் தனியாக ஒரு வாசல் அன்றைக்கு இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மறியல்காரர்களைப் பிடிக்க உபயோகித்தது 1932-ம் வருஷத்துக் கிரிமினல் சட்டத் திருத்த ஆக்ட். வெள்ளைக்காரன் அதை எதற்காகக் கொண்டு வந்தான்? அந்நியத் துணிக்கடைக்கும் கள்ளுக்கடைக்கும் முன்னால் மறியல் செய்த காங்கிரஸ் தொண்டர்களை அடைப்பதற்காக. ஆறு வருஷம் கழித்துக் காங்கிரஸ் மந்திரிசபையே அந்தக் கத்தியைக் கையில் எடுத்தது! காங்கிரஸ்காரர்களிலேயே சத்தியமூர்த்தி போன்றவர்களுக்கு இது பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். ஆனாலும் கைதுகள் நடந்தன. மொத்தம் 1,198 பேர் கைதாகி 1,179 பேர் தண்டனை பெற்றார்கள். அவர்களில் 73 பேர் பெண்கள். தாய்மாரோடு 32 குழந்தைகளும் சிறைக்குப் போயின. 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி வாபஸ் ஆயிற்று. போன இரண்டு உயிர்கள் போனவைதான்.

நேற்று எதிராளிக்காகத் தீட்டிய கத்தி இன்று யார் கழுத்துக்கு வரும் என்று யாராலும் ஜோசியம் சொல்ல முடியாது. இந்தப் பாடத்தைச் சென்னை அன்றைக்கே படித்துவிட்டது. மறந்துவிட்டு மறுபடி மறுபடி படிக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

எழுத்தில் எழும்பிய மதில்

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தது. யூதர்களையும் மற்றவர்களையும் முகாம்களில் அடைத்துக் கொன்ற கொடுமையை உலகம் கண்கூடாகப் பார்த்தது. ஒரு தேசத்து சர்க்கார் தன் பிரஜைகளை என்ன வேண்டுமானாலும் செய்யலாமா என்ற கேள்வி எழுந்தது. 1948 டிசம்பர் 10-ம் தேதி ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் முதல் ஷரத்தில் 'ஆண்கள் எல்லோரும்' என்று பொருள் கொள்ள இடமிருந்த சொற்களை 'மனிதர்கள் எல்லோரும்' என்று மாற்றப் போராடி ஜெயித்தவர் நம் நாட்டு ஹன்ஸா மேத்தா அம்மையார். நம் வீட்டுப் பெண்மணிகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வருஷம் நம் அரசியல் சட்டம் எழுதி முடிந்தது. உயிரையும் சுதந்திரத்தையும் காப்பது 21-வது ஷரத்து. சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். 'சட்டசபையே கொடூரமான முறையை வகுத்துவிட்டால் என்ன செய்வது?' என்று அரசியல் நிர்ணய சபையில் பலருக்கு மனம் ஆறவில்லை. 1949 செப்டம்பரில் டாக்டர் அம்பேத்கர் அதற்கு ஈடாக இன்னொரு ஷரத்தைக் கொண்டு வந்தார். அதுதான் இன்றைய 22-வது ஷரத்து. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். தன் இஷ்டப்படி வக்கீலைக் கலந்துகொள்ளக் கைதிக்கு உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பிரயாண நேரம் மட்டும் கணக்கில் சேராது.

24 மணி நேரம் என்று ஏன் வைத்தார்கள்? பூட்டியவரையும் பூட்டப்பட்டவரையும் தவிர வேறு மனிதர் இல்லாத நேரம்தான் மிகவும் ஆபத்தானது. அந்த நேரத்தைச் சுருக்கி, மூன்றாவது மனிதர் ஒருவரின் கண்ணில் கைதி பட்டே ஆக வேண்டும் என்று செய்துவிட்டால் பாதி ஆபத்து நீங்கிவிடும். மனித உரிமைச் சட்டம் என்று பிற்காலத்தில் வந்ததெல்லாம், மூன்றாவது மனிதரின் கண்ணை எந்த நேரத்தில், எந்த இடத்தில் நுழைப்பது என்ற யோசனைதான்.

மதிலில் விழுந்த ஓட்டை

ஷரத்து எழுதின மை உலர்வதற்குள் முதல் சோதனை வந்தது. அதுவும் சென்னையிலிருந்தே வந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனைச் சென்னை சர்க்கார் விசாரணையின்றிக் காவலில் வைத்திருந்தது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1950 மே மாதம் தீர்ப்பு வந்தது. பார்லிமெண்ட் ஒரு முறையைச் சட்டமாக வகுத்துவிட்டால் போதும், அந்த முறை நியாயமானதா என்று கோர்ட் பார்க்கத் தேவையில்லை என்ற ரீதியில் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். தடுப்புக் காவல் சட்டம் பெரும்பாலும் நிலைத்தது. நீதிபதி பசல் அலி மட்டும் அந்தக் கருத்துக்கு உடன்படவில்லை.

இருபத்தைந்து வருஷம் கழித்து அதன் பலன் தெரிந்தது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை. 1976 ஜனவரி 31-ம் தேதி தமிழ்நாட்டில் தி.மு.க. மந்திரிசபை கலைக்கப்பட்டது. அன்றிரவே 'மிசா' சட்டத்தில் கைதுகள் ஆரம்பமாயின. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே அந்நாளில் இருந்த மத்திய சிறையில், பிப்ரவரி தொடக்கத்தில் மிசா கைதிகள் மிருகத்தனமாகத் தாக்கப்பட்டார்கள். அடிபட்டவர்களில் ஒருவர் சென்னையின் முன்னாள் மேயரும் பார்லிமெண்ட் அங்கத்தினருமான சிட்டிபாபு. அவர் 1977 ஜனவரியில் உயிர் நீத்தார். இன்னொருவர் 2021-ல் முதலமைச்சரான மு.க. ஸ்டாலின். நெருக்கடி நிலை ஓய்ந்த பிறகு நீதிபதி எம்.எம். இஸ்மாயில் கமிஷன் விசாரித்து, சிறையில் தாக்குதல் நடந்தது உண்மையே என்று கண்டது.

யோசித்துப் பாருங்கள். மேயராக இருந்தவர், டில்லிப் பார்லிமெண்டில் உட்கார்ந்தவர். அவருக்கே பூட்டுக்குள் இந்தக் கதி என்றால், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவருக்கு என்ன கதி?

அதே சமயம் டில்லியில், நெருக்கடி நிலையின்போது கைதி தன் காவலை எதிர்த்துக் கோர்ட்டுக்கு வர முடியுமா என்ற வழக்கு நடந்தது. 1976 ஏப்ரல் 28-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் நான்கு நீதிபதிகள் 'முடியாது' என்றார்கள். ஐந்தாமவரான எச்.ஆர். கன்னா மட்டும் 'முடியும்' என்றார். அதற்கு அவர் கொடுத்த விலை, வர வேண்டிய தலைமை நீதிபதிப் பதவி. 1977-ல் அவரைத் தாண்டி அவருக்கு இளையவரை நியமித்தார்கள்.

பிறகு புத்தி வந்தது. 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில், வகுத்த முறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. அதே வருஷத்து 44-வது அரசியல் சட்டத் திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிர், சுதந்திரம் பற்றிய 21-வது ஷரத்தை நிறுத்தி வைக்க முடியாதபடி செய்தது. 1976 தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட்டே தவறு என்று தள்ளியது 2017-ல்.

ஒரு கடிதம் செய்த வேலை

தலைவர்களின் வழக்குகள் இப்படிப் போய்க்கொண்டிருக்க, சாதாரண ஜனங்களின் விஷயத்தை எடுத்தது ஒரு கடிதம். மேற்கு வங்காளத்தில் ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்யும் ஸ்தாபனத்தை நடத்தி வந்த டி.கே. பாசு, 1986 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் போட்டார். லாக்கப் சாவுகள் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளை எடுத்துக்காட்டி, 'இதற்கு ஒரு வழி செய்யுங்கள்' என்று கேட்டிருந்தார். கோர்ட் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டது. பத்து வருஷம் கழித்து, 1996 டிசம்பர் 18-ம் தேதி, பதினோரு கட்டளைகள் பிறந்தன.

கைது செய்யும் போலீஸ்காரரின் பெயரும் பதவியும் சட்டையில் தெரிய வேண்டும். கைதான இடத்திலேயே ஒரு குறிப்பு எழுதி, அதில் குடும்பத்தாரோ அந்த வட்டாரத்துக் கௌரவமான மனிதரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். தேதியும் மணியும் அதில் இருக்க வேண்டும். சொந்தக்காரர் ஒருவருக்குத் தகவல் போக வேண்டும். கைதி கேட்டால் உடம்பிலுள்ள காயங்களைப் பார்த்துக் குறித்து, அந்தப் பிரதியைக் கைதிக்குக் கொடுக்க வேண்டும். காவலில் இருக்கும் வரை 48 மணிக்கு ஒரு முறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும். முழு நேரமும் அவர் கூடவே இருக்க முடியாவிட்டாலும். இவற்றை மீறினால் இலாகா நடவடிக்கை மட்டுமல்ல, கோர்ட் அவமதிப்பும் சேரும்.

பெரிய தத்துவம் ஒன்றும் இதில் இல்லை, பார்த்தீர்களா? ஒரு காகிதம், ஒரு கையெழுத்து, ஒரு மணிக் கணக்கு, ஒரு டாக்டர். ஆனால் நடராசனுக்கும் தாளமுத்துவுக்கும் கிடைக்காமல் போன சாட்சி இதுதான். 'உள்ளே போகும்போது உடம்பில் காயம் இல்லை. இன்ன தேதியில் ஜுரம் கண்டது. இன்ன டாக்டர் பார்த்தார்' என்று, சாவி வைத்திருப்பவர் அல்லாத ஒருவர் எழுதி வைத்த காகிதம்.

கமிஷன் புலியா, பூனையா?

1993-ல் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த வருஷம் அக்டோபரில் டில்லியில் தேசிய கமிஷன் ஏற்பட்டது. 1997-ல் தமிழ்நாட்டு மாநில கமிஷன் சென்னையில் ஏற்பட்டது. சர்க்கார் ஊழியர் ஒருவர் உங்கள் உரிமையை மீறினாலோ, மீறுவதைத் தடுக்க அசட்டையாக இருந்தாலோ, அங்கே மனுப் போடலாம். ஒரு காகிதத்தில் தமிழில் எழுதினால் போதும். சாட்சிகளை வரவழைக்கவும் தஸ்தாவேஜுகளைக் கேட்கவும் சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் கமிஷனுக்கு உண்டு. போலீஸ் காவலில் மரணம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தனக்குத் தகவல் வர வேண்டும் என்று தேசிய கமிஷன் ஏற்பட்ட வருஷத்திலேயே உத்தரவு போட்டது. பின்னால் சிறைச் சாவுகளுக்கும் அது பொருந்தும் என்றாயிற்று.

ஆனால் கமிஷனைப் பற்றி ஒரு பெரிய விவாதமும் கூடவே வளர்ந்தது. 'இன்னாருக்கு இவ்வளவு நஷ்ட ஈடு கொடுங்கள், இந்த அதிகாரியின் மேல் நடவடிக்கை எடுங்கள்' என்று கமிஷன் சிபாரிசு செய்யலாம். சிபாரிசு என்பது உத்தரவா, வெறும் யோசனையா? சர்க்கார் அதைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டால் என்ன செய்வது? 'பல்லில்லாத புலி' என்று சிலர் கேலி செய்தார்கள். சென்னை ஹைகோர்ட்டிலேயே ஒரு தீர்ப்பு ஒரு பக்கமும், இன்னொரு தீர்ப்பு மறு பக்கமும் போயின. கடைசியில் 2021 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் இதைத் தீர்த்து வைத்தது. சிபாரிசு சர்க்காரைக் கட்டுப்படுத்தும். நிறைவேற்றியே ஆக வேண்டும். பிடிக்காவிட்டால் கோர்ட்டில் எதிர்க்கலாமே தவிர, பேசாமல் இருந்துவிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

குறைகள் இல்லாமல் இல்லை. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் கமிஷன் விசாரிக்க முடியாது. ராணுவத்தினர் மேல் வரும் புகார்களை நேரே விசாரிக்கவும் அதற்கு அதிகாரம் இல்லை. மத்திய சர்க்காரிடம் அறிக்கை கேட்டுச் சிபாரிசு செய்யலாம், அவ்வளவுதான். சித்திரவதைக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டது. அதை ஊர்ஜிதம் செய்யவில்லை. அதற்கான மசோதா 2010-ல் லோக் சபையில் நிறைவேறி, ராஜ்ய சபைக்குப் போய் அங்கேயே காலாவதியாகிவிட்டது. லா கமிஷன் 2017-ல் மறுபடியும் ஒரு மசோதா எழுதிக் கொடுத்தது.

டீக்கடையில் நடக்கும் வழக்கு

இப்போது நம் டீக்கடைக் கேள்விக்கு வருவோம். எதிர்க்கட்சி வக்கீலின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும் அல்லவா?

"சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கும் கத்தியைக் காட்டுகிறவனுக்கும்தான் மனித உரிமை. அடிபட்ட எங்களுக்கு இல்லையா?" என்பது முதல் வாதம். அதில் உள்ள வேதனை உண்மையானது. வட சென்னையில் ரௌடிக்குப் பயந்து மாலையில் கடையைச் சாத்துகிறவரிடம் ஷரத்து நம்பர் சொல்லி ஆறுதல் தர முடியாது. ஆனால் திருடன் உங்கள் சங்கிலியை அறுத்தால், உங்கள் பக்கம் நிற்கப் போலீஸ் இருக்கிறது. சர்க்கார் வக்கீல் இருக்கிறார். தண்டிக்கக் கோர்ட் இருக்கிறது. இவர்கள் சரியாக வேலை செய்யவில்லை என்றால், அந்த அசட்டையும் கமிஷனில் புகார் செய்யத்தக்க விஷயமே. ஆனால் போலீஸ்காரரே ஒருவரை அறைக்குள் வைத்து அடித்தால், அவர் எந்தப் போலீஸிடம் போவார்? அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தத் தனிச் சட்டம்.

"இரண்டு தட்டுத் தட்டினால்தான் உண்மை வரும்" என்பது இரண்டாவது வாதம். அடி தாங்காமல் வருவது, அடிப்பவர் கேட்க விரும்பும் பதில். அது உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பொய்யாக ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டால் நிஜத் திருடன் தெருவில் சௌகரியமாக உலாவுகிறான். போலீஸாரிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டமே, 1872-லேயே, எழுதி வைத்ததற்குக் காரணம் கைதியின் மேல் கொண்ட கருணை மட்டுமல்ல. அந்தச் சாட்சியத்தை நம்ப முடியாது என்ற அனுபவம்.

மூன்றாவது வாதம் எல்லாவற்றுக்கும் மேலானது. "நான் தப்புத் தண்டாவுக்குப் போகாதவன். எனக்கு எதற்கு இந்தச் சட்டம்?" அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2020 ஜூனில் தூத்துக்குடி ஜில்லா சாத்தான்குளத்தில் ஒரு தகப்பனாரும் மகனும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். செல்போன் கடை வைத்திருந்தவர்கள். கொரோனா ஊரடங்கில் குறித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது அவர்கள் மேல் சொன்ன குற்றம். போலீஸ் நிலையத்தில் ஓர் இரவு, பிறகு சிறை, நான்கு நாட்களுக்குள் இருவரும் இறந்துபோனார்கள்.

அந்த வழக்கில் சட்டம் எங்கே தூங்கிற்று, எங்கே விழித்தது என்று பார்த்தால் நம் விஷயம் விளங்கிவிடும். கையெழுத்தும் டாக்டர் சர்ட்டிபிகேட்டும் மாஜிஸ்திரேட் ரிமாண்டும் காகிதத்தில் சரியாகவே நடந்தன. கண்கள் இருந்தன, ஆனால் பார்க்கவில்லை. விழித்தது பிறகு. காவலில் சாவு நேர்ந்தால் போலீஸார் விசாரித்தால் போதாது, நீதித் துறை மாஜிஸ்திரேட்டே விசாரிக்க வேண்டும் என்று 2005-ல் செய்த ஒரு சட்டத் திருத்தம் இருந்தது. 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டத்திலும் அது நீடிக்கிறது. அதன்படி ஒரு மாஜிஸ்திரேட் அந்த நிலையத்துக்கே போய் உட்கார்ந்தார். அங்கே அவருக்கு ஒத்துழைப்பு இல்லை என்று அறிந்த ஹைகோர்ட் மதுரைக் கிளை, போலீஸ் நிலையத்தையே வருவாய் அதிகாரிகளின் பொறுப்பில் வைக்கச் சொல்லிற்று. அதே நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண் ஏட்டு, அன்றிரவு தாம் கண்டதைச் சாட்சியம் சொன்னார். அந்த அம்மையாரின் தைரியத்துக்கு எந்தச் சட்டப் புத்தகமும் ஈடாகாது.

அதற்குப் பிறகாவது எல்லாம் சரியாகிவிட்டதா? 2022 ஜூனில் நம் வட சென்னைக் கொடுங்கையூர்ப் போலீஸ் நிலையத்தில், விசாரணைக்கு அழைத்து வரப்பட்ட ஒருவர் இறந்தார். 2025 ஜூனில் சிவகங்கை ஜில்லாவில், நகை காணாமல் போன புகாரில் பிடிபட்ட ஒரு கோயில் காவலாளி இறந்தார். அவர் மேல் எந்தக் கோர்ட்டிலும் குற்றம் நிரூபணமாகவில்லை. இனி ஆகவும் முடியாது.

'குற்றவாளிக்கு உரிமை எதற்கு?' என்ற கேள்வியிலேயே ஒரு பிசகு இருப்பது இப்போது தெரிகிறதல்லவா? ஒருவர் குற்றவாளியா என்பது விசாரணை முடிந்த பிறகு தெரிய வேண்டிய விஷயம். கைதாகும் இரவில் அவர் வெறும் சந்தேகத்துக்குரியவர். அந்த இரவில் நிரபராதியும் அவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நல்லவர்களை மட்டும் சலித்தெடுத்துக் காப்பாற்றும் சல்லடை எந்தச் சட்டத்திடமும் இல்லை. எல்லோரையும் காப்பாற்றினால்தான் உங்கள் பிள்ளையையும் காப்பாற்ற முடியும்.

வீட்டில் எழுதி வையுங்கள்

காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்களைச் சொல்லி முடிக்கிறோம். கடவுள் புண்ணியத்தில் உங்களுக்கு இவை தேவைப்படாமல் போகட்டும். அடுத்த வீட்டாருக்குத் தேவைப்படலாம்.

வீட்டிலிருந்து யாரையாவது அழைத்துப் போனால், 'எந்த ஸ்டேஷன், என்ன காரணம், உங்கள் பெயர் என்ன?' என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை; பதில் சொல்வது அவர் கடமை. கைதுக் குறிப்பில் தேதியும் மணியும் சரியாக இருக்கின்றனவா என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சாட்சி சொல்லவோ தகவல் சொல்லவோ பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும், 60 வயது தாண்டிய பெரியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். மிகவும் விசேஷமான காரணம் இல்லாமல், சூரியன் அஸ்தமித்த பின்பும் உதயத்துக்கு முன்பும் பெண்களைக் கைது செய்யவும் கூடாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற டெலிபோன் எண்ணில் கேட்கலாம்.

மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது, உடம்பில் காயம் இருந்தால் அங்கேயே வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். பயந்து 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டால், காகிதமும் ஒன்றுமில்லை என்றே சொல்லும். போலீஸ் நிலையங்களில் காமிரா வைத்து, படத்தைக் குறைந்தது ஒரு வருஷமாவது பத்திரப்படுத்த வேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் படம் வேண்டும் என்று கேட்பதற்கும் தயங்காதீர்கள். கமிஷனுக்கு மனுப் போடுவதென்றால், ஒரு வருஷக் கெடுவை மறந்துவிடாதீர்கள்.

இத்தனையும் தெரிந்தும் பயம் இருக்கத்தான் செய்யும். ஆகவே ஒருவராகப் போகாதீர்கள். தெருவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சண்டை போட அல்ல, பார்த்துக்கொண்டு நிற்க. அர்த்தராத்திரியில் ஸ்டேஷன் வாசலில் நாலு பேர் பேசாமல் நின்றாலே, உள்ளே இருப்பவருக்குப் பாதிப் பாதுகாப்பு கிடைத்துவிடும்.

நடராசனும் தாளமுத்துவும் மூலக்கொத்தளத்தில் கிடக்கும் இத்தனை வருஷத்தில், சட்டம் அவர்கள் நாளில் இருந்ததைவிட எவ்வளவோ உயரமாக வளர்ந்திருக்கிறது. ஆனால் மதில் தானாகக் காவல் காக்காது. கொத்தளத்தில் ஏறி நின்று பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் ஒரு மாஜிஸ்திரேட்டாக இருக்கலாம், டாக்டராக இருக்கலாம், பெண் ஏட்டாக இருக்கலாம். இதை வாசித்துக்கொண்டிருக்கும் நீங்களாகவும் இருக்கலாம்.